களைத்துப் போன கருவி

கல்கத்தா நகர மண்டபம். ஆண்டு 1895.

மேடையில் ஒரு மேஜை. மேஜையின்மேல் சிறு பெட்டி போன்ற ஒரு கருவி. பக்கத்தில் ஒரு பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார். தலைமை வகிக்க வந்தவர், வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர்.

பேராசிரியர் விசையை அழுத்தினார். கருவிக்குள் சின்னஞ்சிறு மின்பொறி ஒன்று தெறித்தது.

அவ்வளவுதான்! 75 அடி தூரத்தில், சுவர்களுக்கு அப்பால் இருந்த ஓர் அறையில் மணி கணகணவென்று ஒலித்தது. கைத்துப்பாக்கி ஒன்று தானாகவே வெடித்தது. அங்கே வைத்திருந்த வெடிமருந்தும் பற்றிக்கொண்டது.

இரண்டு அறைகளுக்கும் நடுவே கம்பி ஏதும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று, கவர்னரின் உடம்பையும் கனத்த சுவர்களையும் கடந்துபோய் அந்த வேலையைச் செய்திருந்தது.

அந்தப் பேராசிரியர்தான் ஜெகதீச சந்திர போஸ்.

செடிகொடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் நம் மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே டி.வி. டிஷ், அதற்கும் அவருக்கும் உறவு உண்டு. கம்பி போக முடியாத ஊர்களில் செயற்கைக்கோள் வழியாக இன்டர்நெட் கொண்டுவருகிற டிஷ்ஷுக்கும் மோடத்துக்கும் அந்த உறவு இன்னும் நெருக்கம். அவர் அந்த அலையை விட்டுவிட்டுச் செடியிடம் போனதற்குக் காரணம் என்ன தெரியுமா? அவருடைய கருவி அடிக்கடி பழுதானதுதான்!

மீனவர் மகனோடு ஒரே பலகையில்

போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் மைமன்சிங். இப்போது அது வங்காளதேசத்தில் இருக்கிறது. தகப்பனார் பகவான் சந்திர போஸ், பரீத்பூரில் டெபுடி மாஜிஸ்டிரேட்டாக இருந்தவர்.

பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போன காலம் அது. பகவான் சந்திரர் மகனை வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். முதலில் தாய்மொழி, பிறகு இங்கிலீஷ் என்பது அவர் கொள்கை. வகுப்பில் ஒரு பக்கம் தகப்பனாரிடம் பியூனாக இருந்தவரின் மகன். மறுபக்கம் மீனவர் மகன். ஆற்றையும் மீனையும் பறவையையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளை ஜெகதீசன் வாய் பிளந்து கேட்பான். இயற்கையை உற்றுப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே லபோன் என்ற பாதிரியார் பௌதிகம் நடத்தினார். சோதனை செய்து காட்டியே பாடம் சொல்வார். போஸுக்குப் பௌதிகத்தில் ஆசை விழுந்தது.

1880-ல் டாக்டருக்குப் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். ஆனால் ஏற்கெனவே பிடித்திருந்த காய்ச்சல் விடவில்லை. பிணம் அறுக்கும் அறையின் நெடி வேறு உடம்பை வாட்டியது. டாக்டர் படிப்பை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜுக்குப் போய் விஞ்ஞானம் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ராலே பிரபு. பெரிய பௌதிக மேதை.

மூன்று ஆண்டு சம்பளம்

ஊர் திரும்பினார். வைஸ்ராய் ரிப்பன் பிரபு அவருக்குச் சிபாரிசு செய்தார். சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பெயர் தந்த அதே ரிப்பன்தான். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது.

வேலையோடு ஓர் அவமானமும் கிடைத்தது. ஒரே வேலை, ஆனால் வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு ஒரு சம்பளம். வெள்ளைக்காரர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸுடையது தற்காலிக வேலை என்று சொல்லி, அதிலும் பாதியாகக் குறைத்தார்கள்.

போஸ் சண்டை போடவில்லை. வேலையையும் விடவில்லை. நாள் தவறாமல் வகுப்புக்குப் போனார். ஆனால் மாதக் கடைசியில் சம்பளத்தை மட்டும் தொடவில்லை! ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல. மூன்று ஆண்டு!

வீட்டு நிலைமை நன்றாக இருந்து அவர் இப்படிச் செய்யவில்லை. ஊருக்கு நல்லது செய்யப் போய்த் தகப்பனார் பெருங்கடன்பட்டிருந்தார். சொத்தை விற்றும் கடன் தீரவில்லை. இந்த நிலையில்தான், 1887-ல், போஸுக்குக் கலியாணமும் நடந்தது.

மணமகள் அபலா தாஸ். அவருக்கு நம் சென்னை பழக்கமான ஊர். அக்காலத்தில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே 1882-ல் சென்னைக்கு வந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியாமல் திரும்பினார்.

கல்கத்தாவில் வீட்டு வாடகை கட்டுபடியாகவில்லை. தம்பதிகள் சந்திரநாகூரில், ஹூக்ளி ஆற்றங்கரையில் குடியிருந்தார்கள். போஸ் படகு வலித்து அக்கரை சேர்ந்து, அங்கிருந்து ரயிலில் கல்லூரிக்குப் போவார். படகைத் திருப்பி ஓட்டி வருவது மனைவியின் வேலை என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. முழுச் சம்பளம், அதுவும் மூன்று ஆண்டுப் பாக்கி முழுவதும் ஒரே தொகையாக! அந்தப் பணம் தகப்பனாரின் கடன்காரர்களுக்குப் போயிற்று.

தகரவேலைக்காரர் துணை

ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, மின்பொறியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலைகள் கிளம்புகின்றன என்று 1888-ல் நிரூபித்தார். 1894 புத்தாண்டு நாளில், 36 வயதிலேயே அவர் இறந்துபோனார். அவருடைய வேலையைப் பற்றி வந்த ஒரு நூலைப் படித்தார் போஸ். 35 வயது முடிந்து 36-வது பிறந்த நாள் வந்தபோது, இனி ஆராய்ச்சியே வாழ்க்கை என்று முடிவு செய்தார்.

கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. குளியலறையை அடுத்து 24 சதுர அடி இடம் கிடைத்தது. நம் வீட்டுச் சாமான் அறைகூட அதைவிடப் பெரிதாக இருக்கும். அதில்தான் ஆராய்ச்சி. கருவி செய்ய உதவியவர் உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவர். செலவு சொந்தப் பணத்தில்.

ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. அலை நீளமானால் கருவியும் பெரிதாக வேண்டும். போஸின் அறையில் அதற்கு ஏது இடம்? அலையைச் சிறிதாக்கினார். இரண்டரை சென்டிமீட்டரிலிருந்து அரை சென்டிமீட்டர் நீளம் வரை! உலகத்தில் அதுவரை யாரும் அவ்வளவு சிறிய மின் அலைகளை உண்டாக்கி இப்படி வேலை வாங்கியதில்லை. மொத்தக் கருவியும் ஒரு மேஜைமேல் அடங்கிவிட்டது.

சிதறும் அலையைக் குழாய் வழியாகச் செலுத்தினார். வருகிற அலையைச் சேர்த்துப் பிடிக்க, எண்ணெய் ஊற்றும் புனல் போன்ற ஒன்றை ரிசீவருக்கு முன்னால் வைத்தார்.

அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்று சோதிப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்! பக்கங்களுக்கு நடுவே ஈயத்தகடு போன்ற மெல்லிய தகட்டுத் தாள்களைச் செருகினார். புத்தகத்தை ஒரு வாட்டத்தில் பிடித்தால் அலை உள்ளே நுழைந்து போகிறது. திருப்பிப் பிடித்தால் அப்படியே நின்றுவிடுகிறது. முறுக்கிய சணலையும் கந்தகக் கட்டியையும்கூட அவர் விடவில்லை.

1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இவற்றையெல்லாம் செய்து காட்டினார். அடிமை நாட்டிலிருந்து வந்த ஒருவர், கையால் செய்த கருவிகளோடு நின்று பாடம் நடத்த, இங்கிலாந்தின் அறிஞர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள்.

மாடியில் அதே மேஜை

இப்போது மொட்டை மாடிக்கு வருவோம்.

டிஷ் என்பது கண்ணாடி மாதிரி. வானிலிருந்து வரும் அலையை அது பிடிப்பதில்லை. திருப்பி ஒரே இடத்தில் குவிக்கிறது. குவிகிற இடத்தில், ஒரு கம்பியின் நுனியில், சிறு மூக்குப் போல் ஒன்று இருக்கும். அதன் வாயில் இருப்பது போஸ் வைத்த புனலின் வம்சம்தான். டி.வி. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். இன்டர்நெட் டிஷ்களில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அலைகளும் உண்டு. எல்லாம் குளியலறைப் பக்கத்து அறையில் அவர் விளையாடிய அலைகளே.

இந்தச் சிற்றலைகளின் குணம், வெளிச்சம் போல நேராகப் போவது. பூமி உருண்டையாக இருக்கிறது. அலை வளைந்து போகாது. ஆகவே வெகுதூரத்துக்குச் செய்தி அனுப்ப அந்தக் காலத்தில் இவை உதவவில்லை. வானத்தில் ஒரு கோள் நின்று வாங்கித் திருப்பி அனுப்பினால்தான் உண்டு. அந்தக் கோள்கள் வந்தது 1960-களில்.

பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அவை நிற்கின்றன. நாம் டிஷ்ஷை ஒரே ஒரு டிகிரி தவறாகத் திருப்பினால், அங்கே 600 கிலோமீட்டருக்கு மேல் தவறிப்போகும்! மெக்கானிக் மாடியில் ஒரு மணி நேரம் நின்று திருகாணியை நூலளவு நூலளவாகத் திருப்புவது இதனால்தான். மூக்கை வலமும் இடமும் முறுக்கிப் பார்ப்பதும் வெட்டிவேலை அல்ல. போஸின் ரயில்வே புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாட்டம் தப்பினால் அலை நுழையாது.

மோடம் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அதைக் குறை சொல்லாதீர்கள். டிஷ் வைத்தபோது சின்னதாக இருந்த முருங்கை மரம் இப்போது வளர்ந்து குறுக்கே நிற்கலாம். கேபிள் மூட்டு தளர்ந்து தண்ணீர் இறங்கியிருக்கலாம். காற்றில் கம்பம் அசைந்திருக்கலாம். பெருமழை என்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மழைத்துளியின் அளவும் அலையின் நீளமும் கிட்டத்தட்ட ஒரே கணக்கில் இருப்பதால், துளிகள் அலையை விழுங்கிச் சிதறடிக்கின்றன. மழை விட்டதும் தானாக வரும். என் வீட்டில் கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவர் சமயமாகப் பார்த்துத்தான் மழை பிடிக்கும்!

இன்டர்நெட்டில் முகம் பார்த்துப் பேசும்போது பதில் சற்றுத் தாமதமாக வந்தால் அதுவும் பழுது அல்ல. நம் பேச்சு மேலே போய், கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே ஏறி இறங்க அரை விநாடி ஆகும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் புதிய கோள்களில் இந்தத் தாமதம் குறைவு. அவற்றுக்கான தட்டையான பலகைகள் கோளைத் தாமாகவே தேடிக்கொள்ளும். அவற்றுக்கும் மறைப்பில்லாத வானம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டி.வி. டிஷ் அலையை வாங்க மட்டும் செய்யும். இன்டர்நெட் டிஷ் அலையை அனுப்பவும் செய்யும். அதன் முன்னால் நின்றுகொண்டு கை வைக்கக் கூடாது. திருப்புவது மெக்கானிக் வேலை. நாம் செய்யக்கூடியது, மோடத்தை அணைத்து, சற்றுப் பொறுத்து, மறுபடி போடுவது. போட்டதும் விளக்குகள் நிலைக்கச் சில நிமிடம் ஆகும். பொறுமையில்லாமல் மறுபடி மறுபடி அணைத்தால், அது கோளைத் தேடும் வேலையை முதலிலிருந்து தொடங்கும்.

அணைத்துப் போட்டால் சரியாகிறதே, ஏன்? போஸின் காலத்து ரிசீவரிலும் இப்படி ஒரு சங்கடம் இருந்தது. அதுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது.

ஓய்வு கேட்ட உலோகம்

அக்கால ரிசீவர் என்பது ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்த இரும்புத் தூள். அலை பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். அடுத்த அலையை அறிய வேண்டுமானால், குழாயைத் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு! பழைய ரேடியோவின் தலையில் தட்டுவோமே, கிட்டத்தட்ட அப்படி. கல்கத்தாவின் ஈரக்காற்றில் தூள் வேறு துருப்பிடித்தது.

போஸ் தூளை எறிந்துவிட்டு, சிறு எஃகுச் சுருள்களை வரிசையாக வைத்தார். அழுத்தத்தைத் திருகாணியால் சரிப்படுத்திக்கொள்ளலாம். கருவி அருமையாக வேலை செய்தது.

ஆனால் வெகுநேரம் வேலை வாங்கினால் மந்தமாகிவிடும். அலை வந்தாலும் சரியாக அறியாது. சில மணி நேரம் சும்மா விட்டுவைத்தால் பழையபடி சுறுசுறுப்பாகிவிடும்!

வேறொருவராக இருந்தால், கருவியை மாற்றிவிட்டு மேலே போயிருப்பார். மார்க்கோனி போன்றவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும், அதுதான் முக்கியம். போஸ் அந்தப் பழுதின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். உலோகம் களைக்குமா? ஓய்வு கேட்குமா? கருவியின் சோர்வைக் காகிதத்தில் கோடாக வரைந்தார். களைத்த தசையின் கோட்டை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்று போல் இருந்தன. அப்படியானால் நடுவில் இருக்கும் செடி? கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

1900-ல் பாரிஸ் விஞ்ஞான மாநாட்டில் இதைப் பேசினார். அந்தச் சமயம் பாரிஸில் இருந்த சுவாமி விவேகானந்தர், போஸின் புகழைக் கண்டு பூரித்தார். ஆனால் 1901-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் உடலியல் நிபுணர்கள் எதிர்த்தார்கள். பௌதிகக்காரர் தம் எல்லையோடு நிற்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். அவருடைய கட்டுரையைச் சங்கம் அச்சிடவில்லை.

வீடு தேடி வந்த பணம்

அதே 1901-ல் இன்னொரு சம்பவம். பெரிய தந்திக் கம்பெனி ஒன்றின் முதலாளி, காப்புரிமைப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போஸைத் தேடி வந்தார். ரிசீவர் ரகசியத்தை வெளியிட வேண்டாம், லாபத்தில் பங்கு தருகிறேன் என்றார். போஸ் மறுத்துவிட்டார். கண்டுபிடித்ததைப் பூட்டிவைத்து விற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மனம் கசந்து நண்பர் ரவீந்திரநாத தாகூருக்குக் கடிதம் எழுதினார்.

நண்பர்கள் விடவில்லை. சகோதரி நிவேதிதையும் சாரா புல் என்ற அமெரிக்க அம்மையாரும் வற்புறுத்தி, அமெரிக்காவில் மனுப் போடச் செய்தார்கள். 1904 மார்ச் 29-ந் தேதி காப்புரிமை கிடைத்தது. எண் 755840. கலீனா என்ற ஈயத் தாதுக் கல்லை வைத்து அலையை அறியும் கருவி அது. பிற்காலத்தில் வந்த டிரான்சிஸ்டர், சில்லு எல்லாவற்றுக்கும் தாய் வகையான பொருளை வைத்துக் காப்புரிமை பெற்ற முதல் கருவிகளில் ஒன்று. போஸ் அதிலிருந்து பணம் பண்ண முயலவே இல்லை.

1901 டிசம்பர் 12-ந் தேதி மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சமிக்ஞையைக் கேட்டார். அவர் பயன்படுத்திய பாதரச ரிசீவரும், போஸ் 1899-ல் லண்டனில் வெளியிட்ட பாதரச ரிசீவரும் ஒரே அமைப்பு என்று 1998-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை விவரமாக வாதாடியது. மார்க்கோனிக்கு 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைச் சொன்னதும் நமக்குக் கோபம் வரும். ஆனால் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். உயரமான கம்பம் நட்டு, நீண்ட அலைகளைக் கடல் தாண்ட வைத்தது மார்க்கோனியின் உழைப்பு. போஸ் அந்தப் பந்தயத்தில் ஓடவே இல்லை. ஓடியிருந்தால் ஜெயித்திருப்பாரா? அரை சென்டிமீட்டர் அலையை வைத்துக்கொண்டு கடல் தாண்டியிருக்க முடியாது. அவர் இழந்தது பந்தயத்தை அல்ல. பாதரச ரிசீவருக்கு உரிய பெயரை. அந்தக் கணக்கு மட்டும் பல ஆண்டுகள் தீராமலே இருந்தது.

கிரிடியில் ஒரு காலை

பின்னாளில் அவர் செடியின் வளர்ச்சியைப் பல லட்சம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்ற கருவியைச் செய்தார். செடிக்குள்ளும் மின் சமிக்ஞை ஓடுகிறது என்று அவர் சொன்னதை இன்றைய விஞ்ஞானம் ஏற்கிறது. அவர் சொன்னது எல்லாவற்றையும் ஏற்றுவிடவில்லை. 1917-ல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். ஒரு காலத்தில் கட்டுரையை அச்சிட மறுத்த ராயல் சொசைட்டி, 1920-ல் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

1937 நவம்பர் 23-ந் தேதி, கிரிடியில் போஸ் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 79 வயது நிறைந்திருக்கும். சென்னையில் டாக்டருக்குப் படிக்க வந்த அபலா, கணவருக்குப் பிறகும் பெண் கல்விக்காக உழைத்து, 1951-ல் மறைந்தார்.

போஸின் கருவிகள் கல்கத்தாவில் அவருடைய ஆராய்ச்சிக் கழகத்தின் காட்சிசாலையில் இருக்கின்றன. போனால் பாருங்கள். மேஜை அளவே உள்ள அந்தச் சாதனம், பித்தளைக் குழாய், அலையைச் சேர்க்கும் புனல். திரும்பி வந்து மாடிக்கு ஏறினால், புனலை மறுபடியும் பார்க்கலாம்.